வாரம் மூன்று டயாலிசிஸ், நடுவில் ஒரு மாநில எல்லை: ரெட்டிச்சாவடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கணக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்தால் அரசு மாறிவிடும். வயல் மாறாது, பேச்சு மாறாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. மாறுவது கையில் இருக்கும் அட்டைதான். இந்தப் பக்கம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, அந்தப் பக்கம் சிவப்பு ரேஷன் கார்டு. அரசு செலவில் மருத்துவமும் உதவித்தொகையும் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே நழுவுகின்றன என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

கீழே வரும் குடும்பம் ஒரு மாதிரி. இந்த வட்டாரத்தில் அடிக்கடி காணும் நிலைமைகளை ஒரே வீட்டில் வைத்து வரைந்தது. திட்டங்கள், விதிகள், ஆண்டுகள் உண்மையானவை. வீட்டுக் கணக்கில் வரும் தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை.

கணவருக்கு 46 வயது, கொத்தனார், வேலை பெரும்பாலும் புதுச்சேரியில். மனைவி நூறு நாள் வேலைக்கும் நடவு, களை வேலைக்கும் போகிறவர். மகன் ஐ.டி.ஐ., மகள் பிளஸ் டூ. மனைவியின் தங்கை பாகூரில் வாழ்க்கைப்பட்டவர்.

நோய் வந்த வழி

ஆரம்பத்தில் இருந்தது ரத்தக் கொதிப்பு. முகாம் ஒன்றில் 180/110 என்று தெரியவந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்கிறவருக்கு அது பெரிய மிச்சம். ஆனால் ஊழியர் வருவது பகலில், கொத்தனார் சாரத்தில் நிற்கும் நேரத்தில். மாத்திரையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆள் இல்லாமல் பிரஷர் பார்க்க முடியாது. தலைவலி நின்றதும் இவர் மாத்திரையை விட்டார். இடுப்புவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மட்டும் விடவில்லை. அந்த வகை மாத்திரைகள் தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும். கட்டுப்படாத கொதிப்பும் அதோடு சேர்ந்தால் சில வருஷம் போதும்.

சிறுநீரில் புரதமும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். இரண்டும் மலிவான பரிசோதனைகள். அரசு மருத்துவத்தில் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய பணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் காப்பீட்டுத் திட்டம் முக்கியமாக அறுவைக்கும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கும் பணம் தருவது. சாதாரணப் புறநோயாளிக்குச் செய்யும் கிரியாட்டினின் பரிசோதனையை எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டு வாங்க முடியாது.

ஒரு இரவு மூச்சு முட்டியது, கால் வீங்கியிருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். யாரும் அட்டை கேட்கவில்லை. கழுத்து ரத்தநாளத்தில் தற்காலிகக் குழாய் போட்டு, செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதில் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸை அன்றிரவே செய்தார்கள். இந்த வட்டாரத்துக்கு அது பழகிய உரிமை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் 1964 முதல் அந்தப் பெயரில் கோரிமேட்டில் இயங்குகிறது. அது மத்திய அரசின் நிறுவனம் என்பதால் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்து மக்கள் மாநில எல்லையைப் பொருட்படுத்தாமல் அங்கே போய்த்தான் பழக்கம்.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். சீட்டில் எழுதியிருந்தது: வாரம் மூன்று முறை டயாலிசிஸ், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மையத்தில் தொடரவும்.

அட்டை இல்லாத மூன்று வாரம்

2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு முதலில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், பிறகு 1,20,000. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கொத்தனார் கூலி நாளுக்கு 900, மாதம் 20 நாள், மழைக்காலம் போக 11 மாதம் என்று போட்டாலே 1,98,000 ரூபாய் வருகிறது. அதனால் இந்த வீட்டில் அட்டை இருந்ததில்லை. நேர்மையாகக் கூலியைச் சொன்னதற்கு வந்த விளைவு அது.

வரம்பு வைத்த உதவிகளில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான். 1,19,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு 5 லட்சம், 1,21,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு ஒன்றுமில்லை. இடையில் படிக்கட்டு கிடையாது, செங்குத்தான சுவர்தான். அதுவும் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒவ்வொரு உயரம்: மருத்துவக் காப்பீட்டுக்கு 1.2 லட்சம், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சம். ஒரே வீடு ஒரு மேசையில் ஏழை, அடுத்த மேசையில் வசதி. கிராம நிர்வாக அலுவலருக்கோ தினக்கூலியின் ஆண்டு வருமானத்தைத் துல்லியமாக அளக்க எந்த வழியும் இல்லை. ஆகவே சான்றில் வரும் எண் வருமானத்தைவிடத் தேவையைப் பார்த்தே எழுதப்படுகிறது. இதை வி.ஏ.ஓ.வின் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. அளக்க முடியாத ஒன்றை அளக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

நோய் வந்ததும் வருமானம் சரிந்தது. இப்போது வீட்டு வரவு மனைவியின் கூலி மட்டும், வருஷத்துக்கு 120 நாள் போனால் 36,000. தகுதி வந்துவிட்டது, ஆனால் காகிதம் வரவேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது மேலே போகும். சான்று கையில் வந்தபின் குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதாருடன் கடலூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல்கள் பெரும்பாலும் நான்கைந்து வகைதான். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் தொலைந்துபோயிருக்கும், ஓ.டி.பி. யாருக்கோ போகும். சிமெண்ட் கலந்து கலந்து விரல் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். இந்தக் குடும்பத்துக்குத் தட்டியது முதல் இரண்டும். “பேரை ஆதார் சென்டர்ல சரி பண்ணிட்டு வாங்கம்மா, அப்புறம்தான் ஏத்த முடியும்” என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னது விதிப்படி சரிதான். ஆனால் டயாலிசிஸ் காத்திருக்காது.

அந்த மூன்று வாரமும் தனியார் மையத்தில் 9 டயாலிசிஸ். ஒன்றுக்கு 1,500 என்று வைத்தால் 13,500 ரூபாய். ஊசி, ஸ்கேன், ஆட்டோ எல்லாம் சேர்ந்து இரண்டு சவரன் அடகுக்குப் போனது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை நிபந்தனை இல்லை. அட்டை இருந்தால் மருத்துவமனை அந்தச் செலவைக் காப்பீட்டில் கோரிப் பெறும், அதில் ஒரு பகுதி அந்த மருத்துவமனையின் வளர்ச்சிக்கே போகும். அதனால் அட்டை கேட்பார்கள், கேட்பதில் தவறில்லை. அட்டை இல்லை என்றால் சிகிச்சை இல்லை என்று யாராவது சொன்னால் மருத்துவக் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும், அல்லது 104க்கு அழைக்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை அட்டையை வாங்கிக்கொண்டு மேல்பணம் கேட்டால் 1800 425 3993. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத புகார் நிற்காது.

ஒரு இயந்திரம், பதினெட்டு இடம்

அட்டை வந்தது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையைப் போன்ற ஒரு மையத்தில் இடம் கேட்கும்போது அடுத்த சுவர் தெரியும். இதைப் பணத்தால் மட்டும் புரிந்துகொள்ள முடியாது, நேரத்தால் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு டயாலிசிஸ் 4 மணி நேரம். ஏற்றி இறக்க, இயந்திரத்தைக் கிருமி நீக்க இன்னொரு மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்தில் ஆறு நாள் என்றால் ஒரு இயந்திரத்துக்கு 18 இடம். வாரம் மூன்று முறை வீதம் 6 பேருக்குத்தான் அது போதும். பத்து இயந்திரம் இருந்தால் 60 பேர். அதில் ஒன்றை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். ஒன்று பழுதில் இருக்கும். நிமிடத்துக்கு 500 மி.லி. திரவம் ஓடுவதால் ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. நின்றால் எல்லா இயந்திரமும் ஒன்றாக நிற்கும். 61ஆவது ஆள் வரும்போது மையத்துக்கு இரண்டு வழிதான்: காத்திருக்கச் சொல்வது, அல்லது எல்லோரையும் வாரம் இரண்டாகக் குறைத்து 90 பேரை ஏற்பது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். எவரையும் திருப்பி அனுப்ப மனம் வராது.

அந்த இரக்கத்தின் விலை எடை மெஷினில் தெரியும். இவருடைய டிரை வெயிட், அதாவது உடலில் மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 52 கிலோ. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் நீரை இழுப்பது இதயத்துக்கு ஆபத்து என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. 52 கிலோவுக்கு மணிக்கு 676, நான்கு மணி நேரத்தில் 2.7 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் இடைவெளி பெரும்பாலும் இரண்டு நாள், இரண்டு கிலோ ஏறும், சமாளிக்கலாம். திங்கள், வியாழன் என்று இரண்டாகக் குறைந்தால் வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவே நான்கு நாள். அப்படி ஒரு திங்களன்று எடை மெஷின் பக்கத்தில் நர்ஸ் கேட்பார்:

“எவ்ளோண்ணே ஏறியிருக்கு இன்னிக்கி?”

“ஐம்பத்தஞ்சரைம்மா.”

மூன்றரை கிலோ. முழுவதையும் எடுத்தால் மணிக்கு 875 மி.லி. மூன்றாம் மணியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பிரஷர் விழும், ஸ்டாஃப் நர்ஸ் ஓடிவந்து சலைன் விட வேண்டிவரும், எடுத்த நீரில் கொஞ்சம் உள்ளேயே திரும்பிப் போகும். எடுக்காமல் விட்டால் புதன் இரவு மூச்சுத் திணறல், மறுபடி 108. இலவச மருத்துவத்தில் விலை இல்லை, ஆனால் பங்கீடு உண்டு. அது வரிசையாகவும் குறைந்த நேரமாகவும் வருகிறது. தனியாரில் பணம் இல்லாதவர் வெளியே நிற்கிறார், அரசில் எல்லோரும் உள்ளே வந்து எல்லோருக்கும் கொஞ்சம் குறைகிறது. இரண்டில் எது நியாயம் என்று கேட்டால் பின்னதே நியாயம். ஆனால் குறைவது எவ்வளவு என்பதை மையங்கள் எழுதி வைக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலும் வாரம் இரண்டாகக் குறைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் மாவட்டம்தோறும் வெளியிடப்பட்டால்தான் புது இயந்திரம் எங்கே வேண்டும் என்று தெரியும்.

மருந்து விஷயத்தில் நிலைமை மேல். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து மொத்தமாக மருந்து வாங்குகிறது. பாஸ்புக் கணக்கு வைத்து ஒவ்வொரு மருத்துவமனையும் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மொத்தக் கொள்முதல் தரும் விலைக்குறைவு எந்தக் காப்பீட்டாலும் வராது. குறை எங்கே என்றால் இருப்பு தீரும் வாரங்களில். டயாலிசிஸ் நோயாளிக்கு ரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசி வேண்டும். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உள்ளே இல்லை என்றால் வெளியே எழுதிக் கொடுப்பார்கள். வாங்கி, வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால் ஊசி வீணாகும். ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை என்று டாக்டர் தேடிக்கொண்டிருப்பார். டயாலிசிஸ் அன்றைக்கே மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் வாங்குவதுதான் சரி.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தநாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா போடும் சிறிய அறுவையும் அட்டையிலேயே முடிந்தது. அது பக்குவமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கழுத்துக் குழாய்தான், அதுவரை சீழ்பிடிக்கும் பயம்தான். முன்பே நோய் தெரிந்திருந்தால் ஃபிஸ்டுலா முதலில், டயாலிசிஸ் பிறகு என்று முறையாகப் போயிருக்கும்.

வாசலுக்கு வெளியே

சிகிச்சை இப்போது முழு இலவசம். சீட்டில் எழுதியபடி வாரம் மூன்று கிடைத்தால் மாதம் 13 முறை, தனியார் விலையில் 19,500 ரூபாய் மதிப்பு. இனி வீட்டுக் கணக்கு: திரும்பி வரும்போது தலைசுற்றும் என்பதால் ஆட்டோ 250 வீதம் 3,250. கூட வரும் மனைவிக்குப் போன கூலி 300 வீதம் 3,900. வெளியே வாங்கும் மருந்து 1,200. டீ, இட்லி 650. மொத்தம் 9,000 ரூபாய். மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் அந்தச் செலவு மட்டும் மிச்சம். கொத்தனாரின் கூலி முழுவதும் போனதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எதிரே வரவு: 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000, ரேஷன் அரிசி 20 கிலோ. வேறு உதவித்தொகை கேட்டு அலைந்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயது ஆக வேண்டும். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு 2016 சட்டத்தில் 21 குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் அதில் உண்டு, சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் வேலை செய்யக்கூடியவர்.

ரேஷன் அரிசியைக் கவனியுங்கள். இந்த முழு அலைச்சலிலும் ஒரு மாதம்கூட நிற்காமல் வந்தது அது ஒன்றுதான். காரணம் எளிது: தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது, அரிசி வாங்க வருமானச் சான்று தேவையில்லை. வசதியுள்ளவர்களுக்கும் போகிறதே, வீண் செலவு இல்லையா என்ற கேள்வி நியாயமானது. செலவு கூடும்தான். ஆனால் வடிகட்டி வைத்தால் கசடு மட்டும் நிற்பதில்லை, நோய்ப்பட்ட கொத்தனாரும் நின்றுவிடுகிறார். வடிகட்டிக்கும் ஒரு செலவுண்டு. மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததை மத்திய தணிக்கைத் துறை 2023இல் வெளிக்கொண்டுவந்தது. தகுதி பார்க்கும் ஏற்பாடு கெட்டிக்காரனை நிறுத்தவில்லை, பெயரில் இனிஷியல் மாறியவரைத்தான் நிறுத்தியது.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

பாகூரில் இருக்கும் தங்கை வேறொரு பாடத்தைப் பார்த்தவர். புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடுவது தொடங்கியது. அரிசியா பணமா என்பதில் 2016இல் முதல்வரான நாராயணசாமிக்கும் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண்பேடிக்கும் வலுத்த தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2024 இறுதியில்தான் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. பணத்தில் வசதி உண்டு: புழுங்கலா பச்சையா என்று தானே தேர்ந்தெடுக்கலாம், எடைக்குறைவு இல்லை, மருந்துக்கும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அரிசி விலை ஏறும்போது தொகை தானாக ஏறாது. தாமதமாக வந்தால் அந்த மாதம் மளிகைக் கடையில் கடன்தான். உணவுக்குப் பொருளும், ஆட்டோவுக்கும் கூலி இழப்புக்கும் பணமும் என்று பிரித்துக் கொடுப்பதே இந்தக் குடும்பங்களுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பணம், எல்லாவற்றுக்கும் பொருள் என்ற இரண்டும் பிழை.

“பேசாம எங்க அட்ரஸ்ல கார்டு போட்டுக்கக்கா” என்று தங்கை சொன்னதுண்டு. ஆதார் இணைப்பு வந்தபின் அது நடக்காது, நடந்தாலும் இந்தப் பக்கத்து உரிமைத் தொகையும் காப்பீடும் போய்விடும். எல்லை கடந்தும் செல்லும் உதவிகள் சில உண்டு. முன்னுரிமை அட்டைக்கு அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம். 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற வீட்டுக்கு ஆயுஷ்மான் பாரத் நாடு முழுக்கச் செல்லும். மாநில அரசு தன் செலவில் சேர்த்த வீட்டுக்கு அந்த வசதி இல்லை. இந்தக் கொத்தனார் வீடு அந்த இரண்டாவது வகை. இதில் போற்றத்தக்க விதிவிலக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு செலவில். பாகூர்க்காரர் ரெட்டிச்சாவடியில் விழுந்தாலும் கேள்வி கிடையாது. விபத்துக்கு முடிகிற ஒன்று டயாலிசிஸுக்கு ஏன் முடியாது என்பது இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2021–22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி எல்லா அரசுகளும் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2017 தேசியக் கொள்கை 2025க்குள் எட்டச் சொன்னது 2.5. மக்கள் தம் கைக்காசில் செலவிடுவது 2013–14இல் மொத்தத்தில் 64 விழுக்காட்டை ஒட்டியிருந்தது, 2021–22இல் 39.4க்கு இறங்கியது. திசை சரி. அடுத்த ரூபாய் கிடைத்தால் முதலில் மாலை நேர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கிரியாட்டினின் பரிசோதனைக்கும், அடுத்து அரசு டயாலிசிஸ் மையங்களின் இயந்திரங்களுக்கும் போக வேண்டும். காப்பீட்டுத் தொகையை இன்னும் உயர்த்துவது அதற்கப்புறம் போதும்.

சிறுநீரக மாற்று

மனைவி தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்திருக்கிறார். ரத்த வகை பொருந்துகிறது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் மனைவி நெருங்கிய உறவு, ஆகவே நடைமுறை சிக்கலானதல்ல. அறுவைக்குக் காப்பீடு உண்டு, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் கிடைக்கும். வாரம் மூன்று நாள் அலைச்சல் முடியும், ஒரு டயாலிசிஸ் இடம் இன்னொருவருக்குக் காலியாகும். அரசுக்கும் அதுதான் மலிவு.

தடை வேறிடத்தில். தானம் செய்தவர் குறைந்தது மூன்று மாதம் குனிந்து நாற்று நட, மண் சுமக்க முடியாது. அந்த மூன்று மாதம் வீட்டில் சம்பாதிக்க ஆளே இல்லை. உறுப்புக்கு விலை தருவதைத் தடை செய்யும் அதே சட்டம், தானம் செய்பவர் இழக்கும் நியாயமான வருமானத்தை ஈடுசெய்வதை ‘பணம் கொடுத்தல்’ என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இவர்கள் விண்ணப்பித்துப் பார்த்த எந்தத் திட்டத்திலும் அதற்கென ஓர் ஒதுக்கீடு இல்லை. டயாலிசிஸ் அலைச்சல் இல்லாமல் மாதம் 25 நாள் போகக்கூடியவர் என்று வைத்தாலும், நாளுக்கு 300 வீதம் மூன்று மாதத்துக்கு 22,500 ரூபாய்தான். தனியார் விலையில் பதினைந்து டயாலிசிஸ். மகளின் பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் திசுப் பொருத்தப் பரிசோதனைக்குப் போவதென்றும், மகன் ஐ.டி.ஐ. முடித்து ஏதாவது கம்பெனியில் சேர்ந்தபின் அறுவை என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறார்கள்.